ஆயிரம் ஆட்டம் ஆடிய பேக்



கால்பந்துன்னா எல்லாரும் கோல் போடுறவங்களைப் பத்திதான் எழுதுவாங்க. நான் ஒரு 'பேக்' பற்றி எழுதுகிறேன். காரணம், நானும் பேக்தான். இந்த வருஷம் மண்டலப் போட்டிக்குப் போன அணியில் என் பெயர் இல்லை. பட்டியலைப் பார்த்த அன்றைக்கு, இனிமே காலையில கிரவுண்டுக்கே வரக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கு அப்புறம்தான் இவரைப் பற்றிப் படித்தேன்.

அவர் பெயர் கிரஹாம் அலெக்ஸாண்டர். 1971 அக்டோபர் 10-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பிறந்தவர். ரைட் பேக்.

முதலில் ஒரு சின்னப் பாடம்

இங்கிலாந்தின் தொழில்முறை லீக் என்பது 4 படி உள்ள ஏணி. உச்சிப் படி பிரீமியர் லீக், அதில் 20 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ. இவை ஒவ்வொன்றிலும் 24 அணிகள். ஆக மொத்தம் 92. (1990-களில் பெயர்கள் வேறு. ஏணி இதேதான்.) 24 அணிகள் உள்ள படியில் ஒரு அணி மற்ற 23 அணிகளோடும் இரண்டு இரண்டு முறை ஆட வேண்டும். 23 × 2 = 46 ஆட்டங்கள். நாம டிவியில் பார்ப்பது பெரும்பாலும் உச்சிப் படியை மட்டும்தான்.

சீசன் முடிவில் மேலே வந்த அணிகள் ஒரு படி ஏறும், கடைசியில் நிற்பவை ஒரு படி இறங்கும். அலெக்ஸாண்டர் ஆடிய காலத்தில் இரண்டாம் படியில் முதல் 2 இடம் பிடித்தவர்கள் நேராக ஏறுவார்கள். 3 முதல் 6 வரை வந்த நால்வரும் 'பிளே-ஆஃப்' ஆடி, ஒருவர் மட்டும் ஏறுவார். 46 ஆட்டம் ஆடிவிட்டு, கடைசி ஒரே ஆட்டத்தில் எல்லாம் போய்விடலாம்!

அவர் ஏறியதும் இறங்கியதும்

1991: ஸ்கந்தார்ப் யுனைடெட் அணியில் முதல் ஆட்டம். 4-ஆம் படி.
1995: லூட்டன் டவுன். 2-ஆம் படி. ஆனால் முதல் சீசனிலேயே அணி 3-ஆம் படிக்கு இறங்கிவிட்டது.
1999: பிரஸ்டன் நார்த் எண்ட். 3-ஆம் படி. அடுத்த வருஷமே, 2000-ல், சாம்பியன். மறுபடி 2-ஆம் படி.
2001: பிளே-ஆஃப் இறுதி ஆட்டம். போல்ட்டனிடம் 0-3 தோல்வி. உச்சிப் படி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்து நழுவியது.
2002: ஸ்காட்லாந்து நாட்டுக்கு முதல் ஆட்டம். அப்போது வயது 30! மொத்தம் 40 ஆட்டங்கள். 2007-ல் பாரிஸில் பிரான்ஸை 1-0 என்று வென்ற அணியிலும் இருந்தார்.
2007: பர்ன்லி. 2-ஆம் படி. இங்கே அவரை அதிகமாக நடுக்களத்தில் ஆட வைத்தார்கள்.

2009-ல் பர்ன்லி பிளே-ஆஃபுக்கு வந்தது. அரை இறுதியின் முதல் ஆட்டத்தில் ரெடிங் அணியை 1-0 என வென்றது. அந்த ஒரு கோல் அலெக்ஸாண்டர் அடித்த பெனால்ட்டி. மே 25, வெம்பிளியில் நடந்த இறுதியில் ஷெஃபீல்டு யுனைடெட் அணியை 1-0 என வென்று, பர்ன்லி 33 வருஷம் கழித்து உச்சிப் படிக்கு ஏறியது.

2009 ஆகஸ்ட் 15. ஸ்டோக் அணியோடு ஆட்டம். அலெக்ஸாண்டருக்கு பிரீமியர் லீகில் முதல் நாள். வயது 37, மாதம் 10. நம்ம கிளாஸ்ல எத்தனை பேரோட அப்பாவுக்கு அந்த வயசு இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அன்றைக்கு 0-2 தோல்வி. ஆனால் நான்கு நாள் கழித்து, நடப்பு சாம்பியனான மான்செஸ்டர் யுனைடெட் அணியை பர்ன்லி 1-0 என்று வென்றது.

அந்த சீசன் முடிவில் அணி மறுபடி இறங்கியது. கதை சினிமா மாதிரி முடியலை. அவர் ஆடுவதை நிறுத்தவும் இல்லை. 2011 ஏப்ரலில் தன் 1000-ஆவது ஆட்டத்தை ஆடினார்.

ஒரு பேக் எப்படி 100 கோல் போட்டார்?

அவர் கணக்கில் 100-க்கு மேல் கோல்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை பெனால்ட்டி. பெனால்ட்டி என்றால் 12 கெஜ தூரம், ஏறக்குறைய 11 மீட்டர். பந்து அசையாது. யாரும் தள்ள மாட்டார்கள். வேகமோ உயரமோ அங்கே பெரிதாக வேண்டியதில்லை. நிதானமும் பயிற்சியும் போதும். வேகம் குறைவான எனக்கு இந்தப் பத்தியை எழுதும்போதே சந்தோஷமா இருக்கு.

2012 ஏப்ரல் 28. 40 வயது. மறுபடி பிரஸ்டன், மறுபடி 3-ஆம் படி, சார்ல்டனோடு கடைசி ஆட்டம். ஸ்கோர் 1-2. 90 நிமிடம் முடிந்து கூடுதல் நேரம். ஒரு ஃப்ரீ கிக். அவர் அடித்தார், கோல்! 2-2. அதோடு அவர் ஆட்டக்காரர் வாழ்க்கை முடிந்தது. பிறகு பயிற்சியாளர் ஆனார். 2025-ல் பிராட்ஃபோர்டு சிட்டி அணியை 4-ஆம் படியிலிருந்து 3-ஆம் படிக்கு ஏற்றினார்.

நான் கற்றது

1991-லிருந்து 2009 வரை 18 வருஷம் அவர் கீழ்ப் படிகளில் ஆடினார். மேலே போவோம் என்று அவருக்கு யாரும் உறுதி தரவில்லை. பிரீமியர் லீகில் ஒரு நாள்கூட ஆடாமல் போயிருந்தால் அந்த 18 வருஷமும் வீணா? இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் பக்கம் வந்த பந்தை ஒழுங்காகத் தடுத்தாரே, அது அன்றைக்கே கணக்கில் சேர்ந்துவிட்டது.

எனக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த தடவை நம்ம கிரவுண்டில் மேட்ச் நடக்கும்போது, கோலுக்குக் கை தட்டுங்க. ஆனா நல்ல ஒரு தடுப்புக்கும் ஒரு தட்டு தட்டுங்க.

திங்கட்கிழமை காலை 6 மணிக்கு நான் கிரவுண்டுக்கு வந்துட்டேன். பி.டி. சார் ஒண்ணும் கேட்கலை. பந்தை மட்டும் என் பக்கம் உருட்டிவிட்டார்.



– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்