கடைசித் தெருவிற்கும் குடிநீர்: குழாய்க் கணக்கும் திறந்த மூல மென்பொருளும்

கிணற்றடியிலிருந்து தொலைவிலுள்ள வயலுக்குக் குழாய் பதித்து நீர் கொண்டு சென்ற உழவர் ஒவ்வொருவரும் ஓர் உண்மையைத் தம் கைப்பொருளைச் செலவிட்டே அறிந்திருப்பர். குழாய் நீள நீள நீரின் உந்துவிசை தளரும். குழாய் குறுகினாலோ அது பன்மடங்கு தளரும். மோட்டாருக்கு அருகில் பீறிட்டுப் பாயும் நீர், கடைசி வயலை அடையும்போது நூலாக ஒழுகுவது இதனாலேயே. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக்களுக்குச் செல்லும் குடிநீர்க் குழாய்க்கும் இதுவே விதியாகும். வயலில் கணக்குத் தவறினால் ஒருவருக்கு நட்டம். தெருவில் தவறினால் ஒரு குடியிருப்பே குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவிற்கு நடக்க வேண்டும்.

ஆகவே, குழாய் பதிப்பதற்கு முன்பே அதன் கணக்கைச் சரிபார்ப்பது எவ்வாறு, அதற்கு விலையின்றிக் கிடைக்கும் கருவி யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நமது வட்டாரத்தில் ஓர் ஊராட்சியில் தொட்டியிலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவில் ஆதிதிராவிடர் குடியிருப்பு ஒன்று உள்ளது. வீடுகள் 120, மக்கள் ஏறக்குறைய 600 பேர். வீடுதோறும் குழாய் இணைப்பு உண்டு. ஆயினும், குடியிருப்பின் முகப்பிலுள்ள சில வீடுகளுக்கே நீர் ஒழுங்காக வந்தது. மற்றவர்கள் வாசலில் குழி தோண்டிக் குழாயின் வாயைத் தாழ்த்தி, அக்குழியினுள் குடத்தை இறக்கி நீர் பிடித்தனர். வசதியுள்ள சிலர் சிறு மோட்டார் வைத்து உறிஞ்சினர். அவ்வாறு உறிஞ்சும்போது குழாயின் விரிசல்கள் வழியே சாக்கடை நீரும் உள்ளே இழுக்கப்படக்கூடும் என்பதை அவர்கள் அறியார். கிராம சபையில் இக்குறை மும்முறை எழுந்தது. மும்முறையும், “தொட்டியில் நீர் இருக்கிறது, குழாயும் இருக்கிறது, பயனாளிகள் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்” என்னும் விடையே அளிக்கப்பட்டது. அவ்விடையை அளித்தவர்களுள் நாமும் ஒருவர்.

பின்னர் ஒரு நாள் கணக்கிட்டுப் பார்த்தோம். அதற்குத் துணை செய்தது ஈபாநெட் என்னும் மென்பொருள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதனை உருவாக்கி 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டது. குழாய்களின் ஊடே செல்லும் நீரில் குளோரின் எவ்வளவு எஞ்சுகிறது, நீர் எத்தனை நேரம் தேங்குகிறது என்பவற்றை ஆராய்வதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. இன்று உலகின் பல நாடுகளில் குடிநீர்ப் பொறியாளர்கள் இதனைக் கையாளுகின்றனர். இதற்கு விலை இல்லை. மேலும், இதன் உள்ளே கணக்கு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை எழுதிய மூல வரிகள் எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. இத்தகையதையே திறந்த மூல மென்பொருள் என்கிறோம். விலையின்றித் தரப்படும் எல்லாம் திறந்த மூலம் ஆகா என்பதையும் நினைவில் கொள்க. உணவை விலையின்றித் தருவது ஒன்று. சமைக்கும் முறையையும் உடன் சொல்லித் தருவது வேறொன்று.

இனி நமது கணக்கிற்கு வருவோம். ஜல் ஜீவன் இயக்கத்தின் அளவுப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் எனக் கொண்டால், 600 பேருக்கு 33,000 லிட்டர் வேண்டும். இதனை 2 மணி நேரத்தில் வழங்குவதே அவ்வூர் வழக்கம். எனவே, குழாயில் வினாடிக்கு ஏறத்தாழ 4.6 லிட்டர் ஓட வேண்டும். தொட்டியில் நீர் குறைந்திருக்கும் நிலையில் அதன் மட்டம் தரையிலிருந்து 12 மீட்டர். குடியிருப்பின் தரையோ தொட்டியடியைவிட 1 மீட்டர் மேடு. ஆக, நீரை உந்துவதற்குக் கிடைப்பது 11 மீட்டர் உயரமே. பதிக்கப்பட்டிருந்த பிளாஸ்டிக் குழாயின் உள்விட்டம் 80 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் உராய்வினால் மட்டும் 11.6 மீட்டர் இழப்பாகும் என்று கணக்கு காட்டியது. கையிருப்பு 11, செலவு 11.6. பயனாளிகள் எவ்வளவு சிக்கனமாக இருந்தால்தான் என்ன?

உள்விட்டம் 100 மில்லிமீட்டராக இருந்திருந்தால் இழப்பு 4 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மீதி 7 மீட்டர் அழுத்தம் கிடைத்திருக்கும். ஒருதள வீடுகளுக்கு 7 மீட்டர் எச்ச அழுத்தம் வேண்டும் என்பதே மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு கூறும் அளவும் ஆகும். மாறாக, செலவைக் குறைக்க எண்ணி 65 மில்லிமீட்டர் குழாய் பதித்திருப்பின், அதே அளவு நீரை அனுப்ப ஏறக்குறைய 32 மீட்டர் உயரம் தேவைப்படும். விட்டத்தில் சிறிதளவு குறைந்தாலும் இழப்பு எத்துணை ஏறுகிறது என்பதை உறுப்பினர்கள் நன்கு கவனிக்க வேண்டும். பழைய இரும்புக் குழாயாயின் உள்ளே துருவேறிச் சொரசொரப்பாகி, இழப்பு ஏறத்தாழ இரு மடங்காகும்.

அப்படியானால் குழாயைத் தோண்டி மாற்றுவதன்றி வேறு வழி இல்லையா? ஈபாநெட்டில் இன்னொரு கணக்கையும் செய்து பார்த்தோம். வினாடிக்கு ஓடும் நீரைப் பாதியாக்கினால், அதே 80 மில்லிமீட்டர் குழாயில் இழப்பு பாதியாக மட்டும் குறைவதில்லை, 3.2 மீட்டராகவே குறைந்துவிடுகிறது. ஆனால், வால்வைத் திறந்துவைக்கும் நேரத்தைக் கூட்டினால் மட்டும் இது நிகழாது. எல்லா வீட்டாரும் ஒரே வேளையில் குழாயைத் திறந்தால் பழைய நிலைமையே நீடிக்கும். ஏரிப் பாசனத்தில் முறை வைத்து மடை திறப்பதை உழவர்கள் அறிவார்கள். அதே போன்று குடியிருப்பின் நடுவே ஒரு வால்வு அமைத்து, முதற்பாதி 60 வீடுகளுக்கு 2 மணி நேரமும், மறுபாதிக்கு அடுத்த 2 மணி நேரமும் விட்டால் 7.8 மீட்டர் அழுத்தம் கிடைக்கும் என்று விடை வந்தது. புதுக் குழாய் வேண்டியதில்லை. வால்வு ஒன்றும், தொட்டி இயக்குபவருக்கு மேலும் 2 மணி நேர வேலையும் வேண்டும்.

இக்கணக்கைப் பொறியாளர் ஒருவர் தாளில் போட முடியாதா எனில், ஒற்றைக் குழாயாயின் முடியும். முப்பது தெருக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிளைக்கும் ஊருக்குக் கையால் கணக்கிடுவது நாட்கணக்கான வேலை. ஒரு விட்டத்தை மாற்றினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாதாரணக் கணினியில் இம்மென்பொருள் அதனை நொடிப்பொழுதில் முடிக்கிறது. கொடுத்த விட்டம் போதுமா என்பதை ஈபாநெட் சொல்லும். எந்த விட்டம் வைத்தால் செலவு குறையும் என்பதைக் கண்டறிய மும்பை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஜல்தந்த்ரா என்னும் கருவி உண்டு. தெருக்களின் வரைபடத்திற்குக் கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் திறந்த மூல மென்பொருள் உதவும்.

ஆயின், மென்பொருளுக்கு ஊர் தெரியாது. எந்தத் தெரு மேடு, எந்த வீட்டில் எத்தனை பேர், திருவிழாவில் எவ்வளவு கூட்டம் என்பவற்றை ஊராட்சி உறுப்பினர்களே கூற இயலும். மேடுபள்ளத்தைக் கைபேசியின் உயரக் கணக்கைக் கொண்டு குறிக்கலாகாது. அதில் பல மீட்டர் பிழை நேரக்கூடும். நமது கணக்கிலோ ஒரு மீட்டரே தீர்ப்பை மாற்ற வல்லது. அளவைக் கருவி கிடைக்காத இடத்தில், கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர் நிரம்பிய தெளிகுழாயே மேலானது. இன்னுமொரு எச்சரிக்கை: ஈபாநெட்டின் பழைய கணக்கு முறை, கேட்ட நீர் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே கொண்டு, அழுத்தத்தைக் கழித்தல் குறியுடன் காட்டும். கழித்தல் குறியைக் கண்டால் அங்கு நீர் உரியவாறு சேராது என்று பொருள் கொள்க. அழுத்தத்திற்கு ஏற்ப நீரின் அளவைக் குறைத்துக் காட்டும் முறை 2020-இல் வெளிவந்த பதிப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. முறை வைத்து நீர் விடும் நம் ஊர்களுக்கு அதுவே ஏற்றது. இவை யாவும் பொறியாளரின் தொழில்நுட்ப ஒப்புதலுக்கு மாற்று ஆகா. அவரிடம் சரியான கேள்வியை எழுப்புவதற்கே துணையாவன.

திறந்த மூலத்தையே ஏன் வற்புறுத்துகிறோம் என்பதற்குக் காரணம் உண்டு. மேற்சொன்ன குடியிருப்பின் பழைய வடிவமைப்பைத் தேடியபோது ஒரு குறுந்தட்டு கிடைத்தது. அதிலிருந்த கோப்பு, விலை கொடுத்து வாங்க வேண்டிய ஏதோவொரு மென்பொருளில் மட்டுமே திறக்கும்; அதன் உரிமம் நம் அலுவலகத்தில் இல்லை. வரைந்து தந்த ஆலோசகரையும் கண்டுபிடிக்க இயலவில்லை. ஊராட்சியின் பணத்தில் உருவான வரைபடம் ஊராட்சிக்கே மூடிக் கிடந்தது. இறுதியில் மூன்று இடங்களில் சாலையைத் தோண்டியே குழாயின் விட்டத்தை அறிந்தோம். ஈபாநெட்டின் கோப்போ வெறும் எழுத்தும் எண்ணும் கொண்டது. எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். ஐயமுறும் உறுப்பினர், ஊரிலுள்ள பொறியியல் மாணவர் ஒருவரைக் கொண்டு அதே கணக்கை மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். ஆகவே புதிய குழாய்த் திட்டம் எதற்கும் இக்கோப்பைக் கேட்டு வாங்கி, ஒரு படியை ஊராட்சி அலுவலகத்தில் வைத்திருத்தல் வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபையில், தெருவாரியாக எதிர்பார்க்கப்படும் அழுத்தத்தைப் படித்துக் காட்டலாம். படிக்கும்போது கடைசித் தெருவிலிருந்து தொடங்குவது நன்று.

அக்குடியிருப்பில் வால்வு அமைத்து முறை வைத்த முதல் நாள், முகப்பில் அழுத்தமானியைப் பொருத்தினோம். கணக்கு கூறியது 7.8 மீட்டர், மானி காட்டியது 4. கணக்கு பொய்த்தது என்று சிலர் நகைத்தனர். குழாய்த் தடத்தை நடந்தே தேடியதில், சாலை அகலப்படுத்தியபோது மண்ணுக்குள் புதைந்துபோன பழைய வால்வு ஒன்று அரைகுறையாக மூடியிருக்கக் கண்டோம். அதனை முழுதும் திறந்தபின் மானி ஏழரையைத் தொட்டது. அடுத்த வாரம், வாசற்குழிகளை மூடுவதற்கு மண் வண்டி அனுப்புமாறு அவ்வூரார் விண்ணப்பம் கொடுத்தனர்.