கேலரிக்கு நாற்பது சதவீதமா?

கேள்வி: வெள்ளிக் கம்பி, சுடுமண், கண்ணாடி மணி கொண்டு புதுப் பாணி நகைகள் செய்கிறேன். புதுச்சேரிக் கைவினைக் கேலரி ஒன்று, “வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் நாற்பது சதவீதம் எங்களுக்கு” என்கிறது. சம்மதிக்கலாமா?
– வாசகி, பொம்மையார்பாளையம்

பதில்: தாராளமாக. இடம், வெளிச்சம், விற்பனையாளர் சம்பளம் எல்லாம் அந்தப் பங்கில்தான் அடக்கம். ஆனால் விலையைச் சரியாகப் போடுங்கள். பொருள், கூலி, லாபம் சேர்த்து உங்கள் கைக்கு 600 ரூபாய் வர வேண்டுமென்றால் விலை 1,000 ரூபாய். 600-உடன் நாற்பது சதவீதம் கூட்டி 840 என்று எழுதினால், கைக்கு வருவது 504 மட்டுமே.

ஒப்படைக்கும் ஒவ்வொரு நகைக்கும் எண், படம், விலையோடு பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணம் எந்தத் தேதியில் வரும், தொலைந்தால் யார் பொறுப்பு, தள்ளுபடி யார் கணக்கு, விற்காததை எப்போது திருப்புவார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். நேரில் விற்கும்போதும் அதே விலைக்கு விற்றால்தான் கேலரி உங்களை நம்பும். உங்கள் ஊர் தமிழ்நாடு, கடை புதுச்சேரி. ஜிஎஸ்டி விதிகளை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைவினையை விற்று வாழ்வது புதிதல்ல: 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தினரும் பத்திக் போன்ற கைவினைகளை விற்றுத்தான் காலூன்றினார்கள். ஆனாலும் முதல் முறை பத்து நகைகள் மட்டும் கொடுங்கள். பணம் ஒழுங்காக வந்தபின் மிச்சத்தைக் கொடுக்கலாம்.