தலைவலிக்கு ஊசியா, மாத்திரையா? தோட்டத்து மக்களுக்கு ஒரு வழிகாட்டி

பொடொக்ஸ் என்றால் முகச் சுருக்கத்தைப் போக்கும் ஊசி என்றுதான் பலருக்கும் தெரியும். அதே பொட்டுலினம் நச்சு ஊசியைத் தீராத தலைவலிக்கும் போடலாம் என்று பிரிட்டனும் அமெரிக்காவும் 2010இல் அனுமதி கொடுத்தன. பலாங்கொடையிலோ யட்டியாந்தோட்டையிலோ தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகும் பெண்ணுக்கு இந்த ஊசி தேவையா, மாத்திரையே போதுமா? எந்த வலி என்று தெரிந்தால்தான் அதைச் சொல்ல முடியும்.

எந்த வலி?

விண்விண்ணென்று தெறித்து, குமட்டி, வெளிச்சமும் சத்தமும் பொறுக்க முடியாமல் இருட்டறையில் படுக்க வைப்பது ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலித்து, அதில் 8 நாளாவது மைக்ரேனாக இருந்து, இப்படி 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட மைக்ரேன்.

நெற்றியும் பிடரியும் இறுகி, மந்தமாக வலிப்பது வேறு. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமப்பவர்களுக்குக் கழுத்துத் தசையிலிருந்தும் இப்படி வலி ஏறலாம். இந்த இறுக்க வலிக்குப் பொடொக்ஸ் பலன் தருவதாக உறுதியாகவில்லை. சுமையைக் குறைப்பதும் கழுத்துப் பயிற்சியும்தான் முதல் வைத்தியம்.

பனடோல்

எப்போதாவது வரும் வலிக்குப் பனடோல் போதும். ஆனால் அரைப்பேர் விழுந்துவிடுமே என்ற பயத்தில், பிரட்டுக்குப் போகுமுன் தினமும் இரண்டு மாத்திரை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் இப்படியே மாதக்கணக்கில் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அந்த நிலைக்கு வந்தவர்கள் டொக்டரிடம் காட்டி அதைக் குறைத்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற மருந்துகளின் பலனைச் சரியாக மதிப்பிட முடியும்.

வலியைத் தடுக்கும் மாத்திரை

புரொப்பிரனோலோல், அமிட்ரிப்டிலின், டொபிராமேட் போன்றவை விலை குறைந்தவை. வலி இல்லாத நாளிலும் போட வேண்டும். பலன் தெரிய இரண்டு மாதம் வரை ஆகும். இரண்டு வாரத்தில் கைவிட்டுவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று சொல்வது சரியல்ல. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரொப்பிரனோலோல் ஆகாது. அமிட்ரிப்டிலின் தூக்கம் தரும். விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்கள் அதை எத்தனை மணிக்குப் போடுவது என்று டொக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். டொபிராமேட் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. ஆகவே பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் டொக்டரிடம் கட்டாயம் பேசித் தெளிந்த பிறகே அதைத் தொடங்க வேண்டும்.

பொடொக்ஸ் ஊசி

நெற்றி, பொட்டு, பின் தலை, கழுத்து, தோள் என 31 இடங்களில், மெல்லிய ஊசியால் மொத்தம் 155 அலகு போடுவார்கள். வலிச் செய்தியைக் கடத்தும் இரசாயனங்கள் நரம்பு முனையிலிருந்து வெளியேறாமல் மருந்து தடுக்கிறது. 12 வாரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும்.

பலன் எவ்வளவு? நாட்பட்ட மைக்ரேன் உள்ள 1,384 பேரிடம் நடந்த இரு ஆய்வுகளில், 24 வார முடிவில் பொடொக்ஸ் போட்டவர்களுக்கு மாதத்துக்குச் சராசரியாக 8.4 தலைவலி நாட்கள் குறைந்தன. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கும் 6.6 நாட்கள் குறைந்தன. இடைவெளி பெரிதல்ல, ஆனாலும் அது மருந்தின் பலன்தான். பிரிட்டனின் அரச சுகாதார சேவையில் குறைந்தது மூன்று தடுப்பு மருந்துகள் பலிக்காதவர்களுக்கே இது கொடுக்கப்படுகிறது. இரண்டு சுற்றுக்குப் பிறகும் வலி நாட்கள் 30 வீதமாவது குறையாவிட்டால் நிறுத்திவிடுகிறார்கள். இடையிடையே மட்டும் வரும் மைக்ரேனுக்கு இது ஏற்றதல்ல.

கண் இமை தொங்குவதும் கழுத்து வலித்துத் தளர்வதும் சிலருக்கு நேரும்; பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் தலையில் கயிறு மாட்டிக் கொழுந்து சுமப்பவருக்கு அந்த வாரங்கள் பெரிய கஷ்டம். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை ஊசி போடுமுன் டொக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களும் பொதுவாகத் தவிர்க்க வேண்டும். தனியாரிடம் போடுவதானால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசிச் செலவு, பஸ் காசு, இழக்கும் பேர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

முகத்தில் வலி

முகம் கழுவும்போதோ வெற்றிலை மெல்லும்போதோ மின்சாரம் அடித்ததுபோல் சில விநாடி வெட்டியிழுத்தால் அது முகநரம்பு வலியாக இருக்கலாம். பல் வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. இதற்கு முதல் மருந்து கார்பமசெபின். தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ கொப்புளமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரை பலிக்காதவர்களுக்குப் பொடொக்ஸ் உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. தாடைத் தசை வலிக்கு அதன் பலன் இன்னும் உறுதியாகவில்லை. வெற்றிலை போடுகிறவருக்கு வாயில் ஆறாத புண்ணோ, வாய் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தால் முதலில் புற்றுநோய்ச் சோதனை செய்ய வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

திடீரென்று வெடித்ததுபோல் வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், கை கால் விழுதல், பேச்சுக் குழறல், 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வலி, கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ வரும் கடும் வலி: இவற்றுக்கு வீட்டு வைத்தியம் வேண்டாம். திடீர் வலிக்கும் கை கால் விழுதலுக்கும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மாதத்தில் சில நாள் வலியென்றால் அளவாகப் பனடோல். அடிக்கடி வரும் மைக்ரேனென்றால் தடுப்பு மாத்திரை. தலைவலி 15 நாளை எட்டி, மூன்று தடுப்பு மருந்தும் பலிக்காவிட்டால் பொடொக்ஸ் பற்றிக் கேளுங்கள்.

இன்றே ஒரு கலண்டரில் வலித்த நாளுக்கு ஒரு கோடும், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளியும் வையுங்கள். மூன்று மாதக் கணக்கோடு தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ காட்டி, இரத்தினபுரி அல்லது கேகாலை போதனா வைத்தியசாலைக்கோ, தேவையானால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் பிரிவுக்கோ துண்டு கேளுங்கள். ஊசி அங்கே கிடைக்குமா, உங்களுக்குப் பொருந்துமா என்று நரம்பியல் டொக்டரிடமே கேட்கலாம். ‘பழகிய தலைவலிதானே’ என்று யாராவது திருப்பி அனுப்பினால் அந்தக் கலண்டரை எடுத்துக் காட்டி மறுபடியும் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.