காப்புரிமை மீறலும் அதன் சட்ட விளைவுகளும்

நிலத்திற்குப் பட்டா உண்டு. வீட்டிற்குப் பத்திரம் உண்டு. ஒருவர் அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்த ஒரு பொறிக்கோ மருந்துக்கோ எது பத்திரம்? அதற்காக அரசு வழங்கும் உரிமையே பேட்டண்ட் எனப்படும் காப்புரிமையாகும். நூல்களுக்கும் பாடல்களுக்கும் உரிய பதிப்புரிமை வேறு, இது வேறு. அடுத்தவர் நிலத்தில் ஒருவர் அத்துமீறி நுழைந்தால் வேலியைப் பார்த்தே சொல்லிவிடலாம். காப்புரிமைக்கோ வேலி வெறும் எழுத்துகளே. எனவே, மீறல் நடந்ததா என்பதே பெரும் வழக்காகிவிடுகிறது. மீறியவரைச் சட்டம் என்ன செய்கிறது, அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது என்னும் இரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

உரிமையின் இயல்பு

இந்தியாவின் முதல் காப்புரிமைச் சட்டம் 1856-இல் பிறந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1970-ஆம் ஆண்டுச் சட்டமாகும். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய என். இராஜகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த அறிக்கையே இச்சட்டத்திற்கு அடிப்படையாக அமைந்தது.

காப்புரிமை என்பது ஒருவகை ஒப்பந்தம் எனலாம். கண்டுபிடித்தவர் தம் நுட்பத்தை மறைக்காமல் எழுதி உலகிற்கு வெளியிடுகிறார். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அவருக்குத் தனியுரிமை கிடைக்கிறது. அதன்பின் அந்நுட்பம் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். இந்த 20 ஆண்டுகளில் அவருடைய இசைவின்றி அப்பொருளைச் செய்வதும், பயன்படுத்துவதும், விற்பதும், விற்க முன்வருவதும், விற்பனைக்காக இறக்குமதி செய்வதும் மீறலாகும். இதனைப் பிரிவு 48 கூறுகிறது.

ஆயின், எல்லாப் பயன்பாடும் மீறல் ஆகிவிடாது. ஆராய்ச்சிக்காகவும், மாணவர்க்குக் கற்பிப்பதற்காகவும் மட்டும் ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்தலாம் எனப் பிரிவு 47 இடந்தருகிறது. கல்லூரி ஆய்வுக்கூடங்கள் அச்சமின்றி இயங்குவதற்கு இவ்விதியும் ஒரு காரணம்.

நீதிமன்றம் அளிக்கும் பரிகாரங்கள்

காப்புரிமை மீறல் நம் நாட்டில் குற்றவியல் வழக்கு அன்று, உரிமையியல் வழக்கே. மீறியவரைக் காவல்துறை கைது செய்வதில்லை; மீறலுக்காகச் சிறைத் தண்டனையும் இல்லை. மாவட்ட நீதிமன்றத்திலோ அதற்கு மேற்பட்ட நீதிமன்றத்திலோதான் வழக்குத் தொடர வேண்டும். காப்புரிமையே செல்லாது, அதனை நீக்க வேண்டும் என்று பிரதிவாதி எதிர்வழக்குத் தொடுத்தால், இரண்டும் சேர்ந்து உயர் நீதிமன்றத்திற்குச் சென்றுவிடும்.

பிரிவு 108-இன்படி வாதிக்குக் கிடைக்கக்கூடிய பரிகாரங்கள் மூன்று வகைப்படும்.

முதலாவது, தடையாணை. மீறலை உடனே நிறுத்துமாறு நீதிமன்றம் ஆணையிடும். அந்த ஆணையையும் மீறினால் சொத்து முடக்கமும், மூன்று மாதங்கள் வரை உரிமையியல் சிறையும் நேரலாம். அது காப்புரிமையை மீறியதற்கான தண்டனை அன்று. நீதிமன்றத்தின் சொல்லை மீறியதற்கான விளைவு.

இரண்டாவது, பணம். நட்ட ஈடு, இலாபக் கணக்கு என்னும் இரண்டில் ஒன்றையே வாதி தேர்ந்துகொள்ள வேண்டும். மீறலால் வாதி இழந்தது 5 இலட்சம் ரூபாய் என்றும், பிரதிவாதி ஈட்டிய இலாபம் 8 இலட்சம் ரூபாய் என்றும் கொள்வோம். வாதி தம் இழப்பைக் கேட்கலாம். அல்லது எதிரியின் இலாபத்தைக் கேட்கலாம். இரண்டையும் சேர்த்து 13 இலட்சம் கேட்க முடியாது.

மூன்றாவது, மீறிச் செய்யப்பட்ட பொருள்களையும், அவற்றைச் செய்வதற்கே பெரிதும் பயன்பட்ட கருவிகளையும் கைப்பற்றவோ அழிக்கவோ ஆணையிடுவது.

எளியவர்க்கும் காப்பு

சட்டம் உரிமையாளர் பக்கமே சாய்ந்து நிற்கவில்லை. காப்புரிமை இருப்பதை அறியாமலும், அறிவதற்கு நியாயமான வாய்ப்பின்றியும் மீறியதாகப் பிரதிவாதி மெய்ப்பித்தால், அவரிடமிருந்து நட்ட ஈடோ இலாபமோ பெற முடியாது. பொருளின்மேல் 'பேட்டண்ட்' என்று மட்டும் பொறித்து எண்ணைக் குறிப்பிடாவிட்டால், அதுவே போதிய அறிவிப்பாகிவிடாது எனப் பிரிவு 111 கூறுகிறது. எனினும், இனிமேல் செய்யக் கூடாது என்ற தடையாணைக்கு அறியாமை தடையாகாது.

அடிப்படையின்றி 'வழக்குப் போடுவேன்' என்று சிறு தொழில் முனைவோரை ஒருவர் மிரட்டினால், அம்மிரட்டலை எதிர்த்து அவரே நீதிமன்றம் செல்லப் பிரிவு 106 வழி செய்கிறது. மேலும், காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது என்பதனாலேயே அது செல்லத்தக்கது என அரசு உறுதி அளிப்பதில்லை. 'இது புதுமையே அன்று' என்று பிரதிவாதி வழக்கிலே வாதாடலாம்.

சென்னையில் நடந்த வழக்கு

ஏட்டில் உள்ள இவ்விதிகள் நடைமுறையில் எப்படி இயங்கின என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கே நல்ல சான்று. சிறிய மோட்டார் சைக்கிள் எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளைப் பொருத்தும் நுட்பத்திற்குப் பஜாஜ் ஆட்டோ நிறுவனம் 2002 ஜூலையில் விண்ணப்பித்து, 2005 ஜூலையில் காப்புரிமை பெற்றது. 2007-இல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் கொண்ட 'ஃபிளேம்' என்னும் 125 சி.சி. வண்டியை அறிவித்தது. பஜாஜ் இதனை மீறல் என்றது. தங்கள் எஞ்சின் மூன்று வால்வுகள் கொண்ட வேறு அமைப்பு என்றும், இரட்டைப் பிளக் முறை முன்பே உலகறிந்தது என்றும் டி.வி.எஸ். வாதிட்டது. அடிப்படையற்ற மிரட்டல் என மேற்சொன்ன பிரிவு 106-இன் கீழ் அந்நிறுவனமும் வழக்குத் தொடுத்தது.

2008 பிப்ரவரியில் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். உடனே ஃபிளேம் வண்டி ஒற்றைப் பிளக்குடன் சந்தைக்கு வர நேர்ந்தது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தடையை நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழி கண்டது: டி.வி.எஸ். வண்டியை விற்கலாம், ஆனால் உள்நாட்டு விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் துல்லியமான கணக்கு வைக்க வேண்டும், அதற்கென ஒரு பெறுநர் நியமிக்கப்பட வேண்டும். இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

நடந்தது என்ன? நான்கு மாதங்களில் முடிய வேண்டிய வழக்கு, 2019-இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொள்ளும்வரை நீண்டது. 20 ஆண்டு உரிமையில் 12 ஆண்டுகள் வழக்கிலேயே கழிந்தன.

காலம் என்னும் மூன்றாம் தரப்பு

மருந்துத் துறையிலும் இதே நிலையைக் காண்கிறோம். நுரையீரல் புற்றுநோய்க்கான எர்லோட்டினிப் மருந்து குறித்து ரோச் நிறுவனம் சிப்லாமீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ரோச் மாத்திரை ஒன்றின் விலை ஏறத்தாழ 4,800 ரூபாய். சிப்லாவின் விலை ஏறத்தாழ 1,600 ரூபாய். நோயாளிகளின் நலனையும் கருதி 2008-இல் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. 2015 நவம்பரில், மீறல் நடந்தது உண்மையே என இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அப்போது காப்புரிமை முடிய நான்கே மாதங்கள் இருந்தன. ஆகவே தடை விதிக்காமல், இலாபக் கணக்கை மட்டும் ஒப்படைக்க ஆணையிட்டது.

இவ்விரு வழக்குகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே. காப்புரிமை வழக்கில் இறுதித் தீர்ப்பைவிட இடைக்கால ஆணையே வலியது. தடை விதித்தால், பின்னர் வெல்லக்கூடிய பிரதிவாதியின் தொழில் முடங்கும்; மலிவான மருந்தும் மறையும். தடை மறுத்தால், பின்னர் வெல்லக்கூடிய வாதியின் உரிமை காலத்தில் கரைந்துபோகும். கரைந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர இயலாது.

முடிவாக, கடுமையான தண்டனையைச் சட்டத்தில் சேர்ப்பதைவிட, வழக்கை விரைந்து முடிப்பதே இத்துறைக்கு உற்ற மருந்தாகும். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது இவ்வகையில் வரவேற்கத்தக்கது. உரிமை முடியும் முன் வழக்கு முடிய வேண்டும். அப்போதுதான் கண்டுபிடித்தவர்க்கும் நீதி கிடைக்கும். வீண் பழிக்கு ஆளானவர்க்கும் நீதி கிடைக்கும்.