பிக்கப்புக்குப் புதுச் சக்கரம்: டயருக்குள் இருக்கும் சென்சாரை என்ன செய்வது?

உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டைகளில் காலை நேரத்தில் புறப்படும் பிக்கப் வாகனங்களுக்கு ஓய்வு குறைவு. குழாய்கள், கருவிப்பெட்டிகள், குளிரூட்டிகள் என்று பாரம் ஏறிக்கொண்டே இருக்கும். சில வாகனங்கள் கடற்பாலத்தைக் கடந்து ஜோகூர் பாரு போய், அங்கிருந்து வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பல மணி நேரம் ஓடும். இப்படி உழைக்கும் வண்டிக்கு உறுதியான டயரோ புதிய ரிம்மோ போட உரிமையாளர் நினைப்பது இயல்பு. சக்கரம் மாறிய மறுநாள் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். குதிரை லாட வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி.

"டயரில் காற்று சரியாகத்தானே இருக்கிறது, விளக்கு பழுதாக இருக்கும்" என்று பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். அந்த விளக்கு எதைக் கேட்கிறது என்று தெரிந்துகொண்டால் விட்டுவிட மனம் வராது.

விளக்கு வந்த கதை

டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு 1986-ஆம் ஆண்டு போர்ஷே 959 காரிலேயே இருந்தது. ஆனால் அது பரவலானதற்குக் காரணம் ஒரு துயரம். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்புளோரர் வாகனங்களில் பொருத்தப்பட்டவை. ஓடும்போதே டயரின் மேற்பட்டை பிரிந்து வாகனங்கள் கவிழ்ந்தன. 270-க்கும் மேற்பட்ட உயிரிழப்புகள் அந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்டன. காற்றழுத்தம் குறைவாக இருந்ததும் அப்போது பெரிய விவாதமானது.

அதே ஆண்டு அமெரிக்கா புதிய சட்டம் இயற்றியது. 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் பிக்கப் போன்ற இலகு வாகனங்களுக்கும் அழுத்த எச்சரிக்கை கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது.

காற்று குறைந்தால் டயர் ஏன் பிரிகிறது? காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளையும் இடம் சுடுவதைப் போல ரப்பரும் சூடாகிறது. பாரமும் வேகமும் கூடினால் சூடும் கூடும். ஓர் எல்லையைத் தாண்டும்போது ரப்பருக்கும் உள்ளிருக்கும் எஃகு இழைகளுக்கும் இடையே உள்ள பிடி விட்டுப்போகிறது.

டயருக்குள் ஒரு சிறு வானொலி நிலையம்

நேரடி முறையில் ஒவ்வொரு சக்கரத்திலும், வால்வின் உள்பக்கத்தில், ஒரு சென்சார் இருக்கும். அதனுள் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் சில்லு, வானொலி அலைபரப்பி, லித்தியம் மின்கலம் ஆகிய மூன்றும் அடக்கம். வண்டி நிற்கும்போது சென்சார் தூங்கும். ஓடத் தொடங்கியதும் சுழற்சியை உணர்ந்து விழித்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் செய்தி அனுப்பும். மின்கலத்தைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. 5 முதல் 10 ஆண்டுகளில் அது தீர்ந்துவிட்டால் சென்சாரையே மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. சாலையில் பக்கத்தில் ஓடும் வண்டிகளின் சென்சார்களும் பேசிக்கொண்டிருப்பதால், தன் நான்கு எண்களை மட்டுமே கவனிக்கும்படி வாகனத்தின் கணினி பழக்கப்பட்டிருக்கிறது. அறிமுகமில்லாத எண்ணை அது கண்டுகொள்ளாது.

மறைமுக முறையில் டயருக்குள் எதுவும் இல்லை. காற்று குறைந்த சக்கரத்தின் சுழலாரம் சற்றே குறையும். அதனால் மற்றச் சக்கரங்களைவிட அது கொஞ்சம் வேகமாகச் சுற்றும். பிரேக் அமைப்பின் வேக உணரிகள் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும். இத்தகைய வண்டியில் சக்கரம் மாற்றினால், சரியான அழுத்தத்தில் காற்று நிரப்பி, கணினியை மீட்டமைத்தால் போதும். எந்த முறை என்பதை வாகனக் கையேடு சொல்லும். பட்டறைக்குப் போகுமுன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சக்கரம் மாற்றும்போது

நேரடி முறை வண்டிக்கு மூன்று வழிகள் உண்டு. பழைய சென்சார்களைக் கழற்றிப் புதிய ரிம்மில் பொருத்தலாம். புதிய சென்சார்கள் வாங்கி அவற்றின் எண்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கலாம். அல்லது பழைய சென்சாரின் எண்ணையே புதிய சென்சாரில் நகலெடுக்கலாம். நகலெடுத்தால் கணினிக்கு மாற்றமே தெரியாது. இரண்டு தொகுதிச் சக்கரங்கள் வைத்து மாற்றி மாற்றிப் போடுபவர்களுக்கு இது வசதி.

புதிதாக வாங்குபவர்கள் அலைவரிசையைப் பார்க்க வேண்டும். வட அமெரிக்க வாகனங்களில் 315 மெகாஹெர்ட்ஸ் பரவலாக உள்ளது. ஐரோப்பிய வாகனங்கள் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. ரிம்மில் அழகாகப் பொருந்தினாலும், அலைவரிசை வேறானால் அந்தச் சென்சாரின் குரல் வண்டிக்குக் கேட்காது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை சில. டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் இயந்திரக் கத்தி வால்வுக்கு அருகே அழுத்தினால் சென்சார் உடையும். எனவே வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். சென்சாரை மறுபடி பயன்படுத்தினாலும் ரப்பர் வளையத்தையும் வால்வின் உள்ஊசியையும் புதிதாகப் போடுவது நல்லது. அலுமினிய வால்வில் நிக்கல் பூசிய உள்ஊசிதான் போட வேண்டும். சாதாரணப் பித்தளை ஊசி, ஈரத்தில் அலுமினியத்தோடு மின்வேதி அரிப்பை உண்டாக்கி ஒட்டிக்கொள்ளும். மழையும் ஈரப்பதமும் மிகுந்த நம் ஊரில் இது விரைவில் நடக்கும். பளபளக்கும் பித்தளை மூடிக்கும் இதே சிக்கல் உண்டு. பிளாஸ்டிக் மூடியே நல்லது. வால்வு நட்டைக் கைக்கணக்கில் இறுக்காமல், தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசையில் இறுக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் கணினிக்குப் பாடம் நடத்த வேண்டும். சில வண்டிகள் சிறிது தூரம் ஓடினாலே தாமாகக் கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்குப் பட்டறைக் கருவி தேவை. சக்கரங்களை முன்பின்னாக இடம் மாற்றும்போதும் இது பொருந்தும். சொல்லாமல் விட்டால், பின்சக்கரத்தில் காற்று இறங்கும்போது திரை முன்சக்கரத்தைக் காட்டக்கூடும். நீங்களும் தவறான டயருக்குக் காற்று அடிப்பீர்கள்.

ஒரு சிறு கணக்கு

மாறாத கன அளவில் வாயுவின் முழு அழுத்தம், கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பள்ளியில் படித்த இந்த விதியை டயரில் போட்டுப் பார்ப்போம்.

காலையில் டயரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின். அழுத்தமானி 240 கிலோபாஸ்கல் காட்டுகிறது. வளிமண்டலத்தின் 101-ஐச் சேர்த்தால் முழு அழுத்தம் 341. ஓடிச் சூடாகி 57 டிகிரி, அதாவது 330 கெல்வின் ஆகிறது. வெப்பநிலை 10 விழுக்காடு கூடியதால் முழு அழுத்தமும் 10 விழுக்காடு கூடி 375 ஆகும். அழுத்தமானி 274 காட்டும்.

இப்போது காற்று குறைந்த டயரைப் பார்ப்போம். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். 240-க்கு அந்த எல்லை 180. காலையில் 170 இருக்கும் டயருக்கு விளக்கு எரியும். அதே டயர் 57 டிகிரிக்குச் சூடானால் அழுத்தமானி 197 காட்டும். சில வண்டிகளில் விளக்கு அணைந்தும் போகலாம். ஆனால் டயருக்குள் ஒரு துளி காற்றுகூட ஏறவில்லை. காலையில் எரிந்து மதியம் அணையும் விளக்கு, நோய் தீர்ந்ததாகச் சொல்லவில்லை. காய்ச்சல் மாத்திரையில் சூடு தற்காலிகமாகத் தணிந்தது போலத்தான்.

விளக்கு எரியாததாலும் ஆபத்து உண்டு

பிக்கப் உரிமையாளர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. அதிகப் பாரம் தாங்கும் வணிக வகை டயருக்கு, தன் முழுப் பாரத்தையும் சுமக்கக் கூடுதல் அழுத்தம் வேண்டும். அப்படி ஒரு டயருக்கு 350 கிலோபாஸ்கல் தேவை என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 விழுக்காடு குறைந்தால் 262. ஆனால் வண்டியின் கணினி பழைய 240-ஐ மனத்தில் வைத்து, 180 வரும்வரை வாய் திறக்காது. பாரம் ஏற்றிய டயர் பாதிக் காற்றில் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும், டாஷ்போர்டோ அமைதியாக இருக்கும். டயர் வகையை மாற்றினால், எச்சரிக்கை எல்லையையும் மாற்ற முடியுமா என்று முகவரிடம் கேளுங்கள். முடியாது என்றால் அழுத்தமானிதான் உங்கள் காவலன்.

விளக்கின் மொழியையும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டியைக் கிளப்பியதும் தொடர்ந்து எரிந்தால் காற்று குறைவு. ஒரு நிமிடத்துக்கு மேல் மின்னிவிட்டு, பிறகு நிலையாக எரிந்தால் சென்சாரின் குரல் கணினிக்குக் கேட்கவில்லை என்று பொருள். சக்கரம் மாற்றிய பின் அதிகம் வருவது இந்த இரண்டாவது வகை. சென்சார் இல்லாத உதிரிச் சக்கரத்தைப் பூட்டியிருந்தாலும் இப்படி நேரும்.

ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில், முன் பின் டயர்களுக்குத் தனித்தனி அழுத்தமும், முழுப் பாரத்துக்கான அளவும் இருக்கும். வாரம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொலைவான பயணத்துக்குப் பாரம் ஏற்றும் நாளில் மறுபடியும் பாருங்கள். நான்கு டயருக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாது.