சருகைக் கேளுங்கள், கன்னத்தைப் பாருங்கள்

கல்வராயன் மலையில் பனிக்காலத்துப் பூங்குருவிகளைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறார்கள். கிளைகளைத் துழாவும் கண்ணுக்குக் கிளி கிடைக்கும், கொண்டைக்குருவி கிடைக்கும். பூங்குருவி கிடைப்பது அரிது. அது தரையில் மேயும் பறவை. மூங்கில் புதரின் அடி, ஓடைக்கரை, பழம் உதிரும் அத்தி மர நிழல் என்று சருகு குவிந்து ஈரம் காயாமல் இருக்கும் இடத்தில்தான் அது இரை தேடும். கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையிலும், கரியாலூரைச் சுற்றிய ஓடைகளிலும் பல பனிக்காலங்கள் திரிந்ததில் எனக்குப் பிடிபட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காது

வலசை வந்த பூங்குருவி இங்கே பாடுவதில்லை என்றே சொல்லலாம். பாட்டெல்லாம் கூடு கட்டும் ஊரில். அதனால் குரலுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. சருகின் ஓசையைப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும்.

அரணை ஓடினால் சரசரவென்று ஒரே இழுப்பாகக் கேட்டு நின்றுவிடும். காட்டுக்கோழி காலால் சீய்க்கும். அந்த ஓசை கனமாக, விடாமல் வரும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கிளறும், கூடவே ஓயாமல் கத்தும். பூங்குருவி அலகால் இலையைப் புரட்டி எறியும். இரண்டு மூன்று புரட்டல், பிறகு மௌனம், ஒரு தத்தல், மறுபடி புரட்டல். இந்த இடைவெளிதான் அடையாளம். இதே ஓசையை எழுப்பும் இன்னொரு விருந்தாளி ஆறுமணிக்குருவி. அதுவும் இலையைப் புரட்டும், ஆனால் விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கொடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓசை வரும் திசையை நோக்கி நடக்காதீர்கள். இருபதடி தள்ளி, மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். விரட்டப்பட்ட பூங்குருவி தூரமாகப் பறக்காது; பக்கத்துத் தாழ்ந்த கிளையில் ஏறி அசையாமல் நிற்கும். நாம் அசையாவிட்டால் சற்று நேரத்தில் தானே இறங்கி வரும்.

கன்னத்தில் கோடு உண்டா?

இங்கே பார்க்க வாய்ப்பு அதிகமுள்ளது செந்தலைப் பூங்குருவி. மைனாவைவிடச் சற்றுச் சிறியது, சுமார் 21 செ.மீ. தலையும் மார்பும் செம்மஞ்சள். ஆணின் முதுகு நீலச்சாம்பல், தோளில் வெள்ளைத் திட்டு. பெண்ணின் முதுகில் பழுப்பும் பச்சையும் கலந்திருக்கும்.

இதில்தான் பலரும் ஏமாறும் இடம் இருக்கிறது. தீபகற்ப இந்தியாவிலேயே கூடு கட்டும் இனப்பிரிவுக்குக் கன்னமும் தொண்டையும் வெள்ளை. கன்னத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கரும்பட்டைகள். இமயமலை அடிவாரக் காடுகளில் கூடு கட்டிப் பனிக்காலத்தில் தெற்கே வரும் பிரிவுக்கு அந்தப் பட்டைகள் இல்லை. முகம் முழுவதும் செம்மஞ்சள். பறவையின் பெயரை மட்டும் குறித்துவிட்டு எழுந்தால், பார்த்தது நம் ஊர்ப் பறவையா, ஆயிரம் மைலுக்கு மேல் பறந்து வந்ததா என்பது தெரியாமலே போய்விடும். உள்ளூர்ப் பிரிவும் கூடு கட்டும் காலம் முடிந்தபின் இடம் மாறும் என்பதால், "பனிக்காலத்தில் பார்த்தேன், ஆகவே வலசைப் பறவை" என்ற கணக்கும் செல்லாது. கன்னத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

அதற்குப் பறவை பக்கவாட்டில் திரும்பும் வரை பொறுக்க வேண்டும். நிழலில் பார்ப்பதற்குப் பத்து மடங்கு பைனாகுலரைவிட எட்டு மடங்கு, 42 மி.மீ. முகப்புக் கொண்டது நல்லது. படம் பிரகாசமாக இருக்கும், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும்.

மற்ற மூவர்

கறுப்பு வெள்ளைப் பூங்குருவி இமயத்திலிருந்து இலங்கையின் மலைநாடு வரை போகும் பயணி. நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவில் பனிக்காலம் முழுவதும் இதற்காகவே ஆட்கள் காத்திருப்பார்கள். நம் பக்கம் இது வழிப்போக்கன். அக்டோபர், நவம்பரில் தெற்கே போகும்போதும், மார்ச், ஏப்ரலில் திரும்பும்போதும் தேடலாம். ஆணுக்குக் கறுப்பு உடல், நீண்ட வெள்ளைப் புருவம், மஞ்சள் அலகு. பெண் பழுப்பு, புருவம் அதற்கும் உண்டு. இதுவும் செந்தலைப் பூங்குருவியும் பறந்து எழும்போது இறக்கையின் அடியில் கறுப்பு வெள்ளைப் பட்டை பளிச்சிடும்.

கரும்பூங்குருவி தென்னிந்திய மலைகளிலேயே கூடு கட்டும் பறவை. செம்மஞ்சள் அலகும் கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையமும் போதும். கறுப்பாகத் தெரிவதையெல்லாம் இதென்று எழுதிவிடாதீர்கள். குண்டுக்கரிச்சானுக்கு இறக்கையில் வெள்ளைப் பட்டை இருக்கும், வாலைத் தூக்கி நிற்கும்.

நீலப் பாறைப் பூங்குருவியைச் சருகில் தேட வேண்டாம். அக்டோபர் முதல் மார்ச் வரை பாறை, கல் குவாரி, பாழடைந்த கோட்டைச் சுவர் ஆகியவற்றில் தனியாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். தியாகதுருகம் மலைக்கோட்டை போன்ற வெறும் பாறை இதற்கு ஏற்றது. ஒரே பாறைக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் பழக்கம் இதற்கு உண்டு என்பதால் இடத்தைக் குறித்து வையுங்கள். மரபணு ஆய்வுக்குப் பிறகு இதை ஈப்பிடிப்பான் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது.

எப்போது, எங்கே

வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை காடு முழுவதும் ஈரம். பறவைகள் சிதறிக் கிடக்கும். தை பிறந்து சருகு காய்ந்ததும் ஈரம் ஓடைப் பள்ளங்களுக்குள் சுருங்கும், பறவைகளும் அங்கே வந்து சேரும். எனக்கு நல்ல பார்வை கிடைத்ததெல்லாம் ஜனவரி, பிப்ரவரியில், விடிந்த முதல் ஒரு மணி நேரத்தில். மாலையில் இருட்டுவதற்கு முன் குளிக்க வரும் சிறு குட்டையும் நல்ல இடம்.

மனிதர்களிடம் முதலில் பேசுங்கள்

காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ஊரை ஒட்டிய ஓடையானாலும் அங்கிருக்கும் மலையாளி மக்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் நடந்த விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு கள்ளச்சாராயத்தைத் தேடி இந்த மலை ஓடைகளில் போலீஸ் தேடுதல் நடந்தது. முன்பின் தெரியாத ஒருவர் பைனாகுலரோடு பள்ளத்தில் பதுங்கினால், "யாருங்க, என்ன பாக்குறீங்க?" என்று கேட்பது நியாயம்தானே. பைனாகுலரை அவர்கள் கையில் கொடுத்து ஒரு பறவையைக் காட்டிவிட்டால் பேச்சு சுமுகமாகிவிடும். ஆடு மேய்ப்பவர்கள் சொன்ன மரத்தடிகள்தான் எனக்குப் பலமுறை கைகொடுத்தன.

குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு அழைப்பதும், சருகைக் கிளறி விரட்டுவதும், ஃபிளாஷ் அடிப்பதும் வேண்டாம். இரை தேடிக் கொழுப்புச் சேர்த்துக்கொள்ள வந்த பறவையின் நேரத்தை அது தின்றுவிடும்.

வலசை வரும் பூங்குருவிகள் இரவில் பறப்பவை. அக்டோபர், நவம்பரில் கள்ளக்குறிச்சி ஊருக்குள்ளேயே கண்ணாடியில் மோதிக் களைத்து விழுந்து கிடக்கலாம். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில், அமைதியாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் மரநிழலில் திறந்துவிடுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எழுதி வையுங்கள்

1929-இல் தொடங்கிய வெர்னே ஆய்வுக்குழு கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் சேர்வராயன், சித்தேரி வரை வந்து பறவைகளைச் சேகரித்தது. விஸ்லரும் கின்னியரும் எழுதிய அதன் அறிக்கை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடராக வெளிவந்தது. சித்தேரிக்குக் கிழக்கே உள்ள கல்வராயனுக்கு, சேர்வராயன் மலையின் ஏற்காட்டுக்குக் கிடைக்கும் கவனம் இன்றும் கிடைக்கவில்லை. அதனால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் மதிப்பு உண்டு. பொங்கல் நாள் பறவைக் கணக்கெடுப்பிலோ இ-பேர்டு இணையதளத்திலோ பதியும்போது "செந்தலைப் பூங்குருவி, ஒன்று" என்று நிறுத்தாமல், கன்னக்கோடு உண்டா இல்லையா, ஆணா பெண்ணா, எந்த மரத்தடி, என்ன தின்றது என்று சேருங்கள். தேடியும் கிடைக்காத நாளைக்கும் முழுப் பட்டியல் போடுங்கள். எப்போது வந்தன, எப்போது கிளம்பின என்பதை அந்த நாட்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.