சுபாவம் அறிவோம், இதயம் காப்போம்

மாரடைப்புக்குப்பின் மறுபரிசோதனைக்கு வருவோரிடம், சினத்தைக் குறைக்குமாறு கூறினால், “எனக்குப் பிறவியிலேயே முன்கோபம், மாற்ற இயலாது” என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. உடன் வரும் மனைவியரோ, “இவர் எந்த வலியையும் வாய்திறந்து சொல்லமாட்டார், அவர் சுபாவம் அப்படி” என்று வருந்துவர். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நம் ஊர்ப் பழமொழி. மருத்துவ ஆய்வுகள் இதற்குச் சற்று மாறான, நம்பிக்கை தரும் செய்தியைக் கூறுகின்றன. அதனை இவ்விதழில் விளக்குகிறோம்.

‘ஏ வகை’ என்னும் கருத்து

1950-களில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் மேயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன் என்னும் இதயநோய் மருத்துவர்கள் இருவர், தம் நோயாளிகளுள் பலரிடம் ஒரே போக்கினைக் கண்டனர். ஓயாத அவசரம், பிறரை முந்தும் வேட்கை, எளிதில் மூளும் சினம் ஆகிய மூன்றும் சேர்ந்த அப்போக்கிற்கு ‘ஏ வகை’ என்றும், நிதானமான போக்கிற்கு ‘பி வகை’ என்றும் பெயரிட்டனர். 39 முதல் 59 வயது வரையிலான 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஏ வகையினரிடையே இதய நோய் ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டது.

ஆயினும், பின்வந்த ஆய்வுகள் பல இம்முடிவை உறுதிசெய்யவில்லை. விரைந்து உழைப்பதைக் காட்டிலும், நெஞ்சில் தேங்கும் பகைமையும் சினமுமே இதய நோயுடன் கூடுதல் தொடர்புடையவை எனத் தெரியவந்தது. மற்றொன்றையும் வாசகர் அறிதல் நலம். சிகரெட் நிறுவனங்கள் இவ்வகை ஆய்வுகளுக்கு நிதி வழங்கின. நோய்க்குக் காரணம் புகையன்று, குணமே என்றால் ஆதாயம் அவர்களுக்குத்தானே! ஆகவே, “டென்ஷனால் வந்தது” என்று கூறிக்கொண்டு பீடியைத் தொடர்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

1990-களில் பெல்ஜியம் நாட்டு உளவியலாளர் யோகான் டெனொலெட் ‘டி வகை’ என்னும் மற்றொரு போக்கினை விவரித்தார். கவலை மிகுந்தும், அதனைப் பிறரிடம் வெளியிடாமல் உள்ளேயே அடக்கிக்கொள்வோர் இவ்வகையினர். இதிலும் ஆய்வு முடிவுகள் ஒருமித்தவையல்ல. எனினும், மௌனம் சிகிச்சையைத் தாமதப்படுத்தும் என்பதில் ஐயமில்லை.

பயிற்சியால் விளைந்த பயன்

ஃபிரீட்மன் குழுவினர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுள் ஒரு பிரிவினர் வழக்கமான இதய ஆலோசனையை மட்டும் பெற்றனர்; மற்றொரு பிரிவினர் அதனுடன் அவசரத்தையும் சினத்தையும் தணிக்கும் பயிற்சியையும் பெற்றனர். நான்கரை ஆண்டுகளில், முதற்பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேருக்கும், பயிற்சி பெற்றோருள் ஏறத்தாழ 13 பேருக்கும் மீண்டும் மாரடைப்பு நேர்ந்தது. மெதுவாக உண்ணுதல், நீண்ட வரிசையில் வேண்டுமென்றே நிற்றல், பிறர் பேசும்போது குறுக்கிடாதிருத்தல் போன்ற எளிய செயல்களே அத்தகைய பயிற்சியின் உள்ளடக்கம். குணத்தை வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. அது வெளிப்படும் செயலைத் திருத்தினால் போதும்.

நம் பகுதிக்கு இது எவ்வாறு பொருந்தும்?

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகம் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையை நாம் அறிவோம். அவ்வரிசை ஓட்டுநரின் குணத்தால் உண்டானதன்று. அதனைச் சீர்செய்ய வேண்டியோர் வேறு. ஆனால், காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பொங்கினால், உயர்வது அவருடைய இரத்த அழுத்தமே. அவருக்கேற்ற பயிற்சி, சினம் எழும் தருணத்தை முன்கூட்டியே அறிந்து, மூச்சை மெல்ல இழுத்து நீளமாக வெளிவிடுவதாகும்.

காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலை நம்பி வாழும் ஒருவருக்கோ சிக்கல் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். வருவாய் நின்றதும், எவரிடமும் கூறாமல் மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. அவருக்குரிய பயிற்சி, “கையில் பணமில்லை” என்று ஒருவரிடமேனும் சொல்லப் பழகுவதாகும். சொன்னால் வழி உண்டு: அரசு மருத்துவமனைகளில் மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன.

நான்கு வாரப் பயிற்சி

1. முதல் வாரம்: சினமோ மௌனமோ எப்போது நேர்ந்தது, அதற்குமுன் என்ன நடந்தது என்று நாள்தோறும் ஒரு வரி எழுதுக. எழுத இயலாதோர் வீட்டாரிடம் சொல்லி எழுதச் செய்யலாம்.
2. இரண்டாம் வாரம்: மீண்டும் மீண்டும் வரும் ஒரே ஒரு தருணத்தைத் தெரிவு செய்க.
3. மூன்றாம் வாரம்: அத்தருணத்திற்கு ஒரு மாற்றுச் செயலை ஆலோசகருடன் கலந்து முடிவுசெய்து, பழகுக.
4. நான்காம் வாரம்: எத்தனை முறை இயன்றது என்று எண்ணுக. பத்தில் மூன்று முறை இயன்றாலும் அது முன்னேற்றமே.

கவனிக்க வேண்டியவை

மனிதரைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் போன்ற தேர்வுகள் தன்னைப்பற்றி எண்ணிப்பார்க்க உதவலாம். நோயைக் கண்டறிய உதவா. ஒருவரே மீண்டும் எழுதினால் வேறு வகை வருவதும் உண்டு. பெரும்பாலோர் இரு முனைகளுக்கும் இடையிலேயே இருப்பர். வீட்டார், “நீங்கள் இந்த வகைதான்” என்று முத்திரை குத்த வேண்டா, “இன்று உங்களுக்கு எது கடினமாக இருந்தது?” என்று கேட்பதே பயன் தரும்.

இரண்டு வாரங்களுக்குமேல் நீடிக்கும் சோர்வும் உறக்கமின்மையும் சுபாவமல்ல. அவை மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் கூறுங்கள், 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலும் இலவசமாகப் பேசலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர் வியர்வை ஆகியவற்றைக் கோபத்தால் வந்தது என்றோ வாயு என்றோ ஒதுக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, மாத்திரைச் சீட்டுடன் முதல் வாரம் எழுதிய தாளையும் கொண்டுவாருங்கள். அதனை நோக்கியே நாம் பேச்சைத் தொடங்கலாம்.